யாரோடு பேசினோம் என்பதிலிருந்து நாம் யாரென்று சொல்ல முடியுமா?

தொலைபேசி பற்றிய அச்சம் எங்கள் பகுதிகளில் பெரும்பாலும் ஒரே கேள்வியாகத்தான் வெளிவருகிறது. "நான் கதைப்பதை யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா?" போர்க்காலத்தில் கொமினிக்கேசன் கடைகளில் வரிசையில் நின்று, பின்னால் நிற்பவருக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில், பெயர்களைத் தவிர்த்துப் பேசிப் பழகியவர்கள் நாங்கள். போர் முடிந்து இத்தனை ஆண்டுகளின் பின்னும், வெளிநாட்டிலிருந்து அண்ணனோ அக்காவோ அழைக்கும்போது பல வீடுகளில் அந்தப் பழக்கம் தொடர்கிறது.

ஆனால் இன்றைய கணினிகளுக்கு நாம் என்ன பேசினோம் என்பது தேவைப்படாமலே போகலாம். எந்த இலக்கம் எந்த இலக்கத்தை அழைத்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்தக் கோபுரத்தின் ஊடாக என்ற நான்கு விபரங்கள் போதும். இவை ஒவ்வொரு அழைப்புக்கும் தொலைபேசி நிறுவனத்தில் தானாகவே பதிவாகின்றன. கட்டணம் அறவிடுவதற்கே அவை வேண்டும். ஒரு வார்த்தையைக்கூடக் கேட்காமல், இந்தப் பதிவுகளை மட்டும் வைத்து இலட்சக்கணக்கான மனிதர்களைக் குழுக்களாகப் பிரிக்கும் கணித முறைகள் கடந்த இருபது ஆண்டுகளில் பெரிதும் வளர்ந்துவிட்டன.

வன்னியில் உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொழில்நுட்பம் கற்பிப்பவன் நான். இந்த முறைகளைப் பற்றி என்னிடம் மாணவர்களைவிட அவர்களது பெற்றோர்தான் அதிகம் கேட்கிறார்கள். விசாரணை ஒன்றின்போது கைப்பேசி வாங்கி வைக்கப்பட்ட அனுபவம், தொடர்புப் பட்டியல் பிரதி செய்யப்பட்ட அனுபவம் அவர்களில் சிலருக்கு உண்டு. அந்தப் பட்டியலிலிருந்து என்ன எடுக்கலாம், என்ன எடுக்க முடியாது என்பதைத் தெரிந்திருப்பது எங்களுக்கு ஒரு பாதுகாப்பு. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

புள்ளிகளும் கோடுகளும்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொலைபேசி இலக்கத்துக்கும் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு இலக்கங்கள் தம்மிடையே பேசியிருந்தால் அந்த இரண்டு புள்ளிகளையும் ஒரு கோட்டால் இணையுங்கள். இதுதான் வலையமைப்பு. புள்ளியைக் கணு என்றும் கோட்டை இணைப்பு என்றும் பாடநூல்களில் சொல்வோம்.

சிறிய உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். முல்லைத்தீவுக் கரையில் மூன்று மீனவர்கள். கடலுக்குப் போகும் நேரம், காற்று, மீன் விலை பற்றி மூவரும் ஒருவரோடொருவர் பேசுகிறார்கள். அது மூன்று கோடுகள். பக்கத்துப் பாடசாலையில் மூன்று ஆசிரியைகள். அவர்களும் ஒருவரோடொருவர் பேசுகிறார்கள். அது இன்னும் மூன்று கோடுகள். ஒரு மீனவரின் தங்கை அந்த ஆசிரியைகளில் ஒருவர். அண்ணனும் தங்கையும் பேசும் கோடு ஏழாவது. ஆறு புள்ளிகள், ஏழு கோடுகள்.

இந்தப் படத்தைப் பார்த்தவுடன் இரண்டு குழுக்கள் இருப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் புள்ளிகள் இருபது இலட்சமாக இருந்தால் கண்ணால் பார்க்க முடியாது. அதைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதுதான் கேள்வி.

பாலத்தை வெட்டும் முறை

2002ஆம் ஆண்டு மிஷெல் கேர்வன், மார்க் நியூமன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு வழியைச் சொன்னார்கள். ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போகும் மிகக் குறுகிய பாதைகளை எல்லாம் எண்ணுங்கள். எந்தக் கோட்டின் ஊடாக அதிகமான பாதைகள் போகின்றனவோ, அந்தக் கோடு இரு குழுக்களுக்கு இடையிலான பாலம். அதை வெட்டுங்கள். மீண்டும் எண்ணுங்கள், மீண்டும் வெட்டுங்கள். வலையமைப்பு தானாகவே துண்டு துண்டாகக் குழுக்களாகப் பிரியும்.

எங்கள் உதாரணத்தில் எந்த மீனவரிலிருந்து எந்த ஆசிரியைக்குப் போவதென்றாலும் அண்ணன் தங்கை கோட்டின் ஊடாகத்தான் போகவேண்டும். மூன்று பேரும் மூன்று பேரும் என்பதால் ஒன்பது பாதைகள். மற்றக் கோடுகளில் நான்குக்கு மேல் இல்லை. ஆகவே முதலில் வெட்டப்படுவது அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையிலான கோடு. கணக்கின்படி அது முற்றிலும் சரி. ஆனால் அந்த ஏழு கோடுகளில் இரத்த உறவு அது ஒன்றுதான் என்பது கணக்குக்குத் தெரியாது. கணினிக்குக் கோடு வெறும் கோடுதான்.

இந்த முறை நல்ல முடிவுகளைத் தரும். ஆனால் மிக மெதுவானது. ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் எல்லாப் பாதைகளையும் திரும்ப எண்ணவேண்டும் என்பதால், ஒரு நாட்டின் தொலைபேசிப் பதிவுகளுக்கு இதைப் பயன்படுத்த முடியாது.

எதிர்பார்த்ததைவிட எவ்வளவு அதிகம்?

இதே இருவரும் 2004இல் இன்னொரு அளவுகோலை முன்வைத்தார்கள். மொடியூலாரிட்டி என்பது அதன் பெயர். பெயர் கடினமாக இருந்தாலும் எண்ணம் எளிது. ஒரு பிரிப்பு நல்லதா கெட்டதா என்று அறிய, குழுக்களுக்கு உள்ளே இருக்கும் கோடுகளை எண்ணுங்கள். பிறகு, ஒவ்வொருவருக்கும் இருக்கும் கோடுகளின் எண்ணிக்கையை மாற்றாமல், யார் யாரோடு என்பதை மட்டும் குலுக்கிப்போட்டால் குழுக்களுக்கு உள்ளே எத்தனை கோடுகள் விழும் என்று கணியுங்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் மதிப்பெண்.

எங்கள் ஏழு கோடுகளில் ஆறு குழுக்களுக்கு உள்ளே இருக்கின்றன. குலுக்கிப்போட்டால் சராசரியாக மூன்றரைதான் உள்ளே விழும். வித்தியாசம் இரண்டரை. அதை ஏழால் வகுத்தால் ஏறத்தாழ 0.36. வேறு எப்படிப் பிரித்தாலும் இதைவிடக் குறைவான மதிப்பெண்தான் வரும். ஆகவே இதுவே சிறந்த பிரிப்பு என்று கணினி முடிவெடுக்கிறது.

இந்த மதிப்பெண்ணை விரைவாகக் கூட்டும் வழியொன்றை 2008இல் பெல்ஜியத்தின் லூவான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வின்சென்ட் புளொண்டெலும் அவரது சகாக்களும் கண்டுபிடித்தார்கள். இன்று லூவான் முறை என்று உலகெங்கும் அறியப்படுவது இதுவே. தொடக்கத்தில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனிக் குழு. பிறகு ஒவ்வொரு புள்ளியாக எடுத்து, அதை அயலவரின் குழுவுக்கு மாற்றினால் மதிப்பெண் கூடுமா என்று பார்ப்பது. கூடினால் மாற்றுவது. இனி மாற்ற எதுவும் இல்லை என்றானதும், ஒவ்வொரு குழுவையும் ஒரே புள்ளியாகச் சுருக்கி, அந்தப் பெரும் புள்ளிகளை வைத்து மீண்டும் அதே வேலை. சனசமூக நிலையங்கள் சேர்ந்து ஒரு பிரதேச ஒன்றியமாவதும், ஒன்றியங்கள் சேர்ந்து ஒரு மாவட்டச் சம்மேளனமாவதும் போலத்தான்.

பெல்ஜியத்தில் கண்டது

அவர்கள் தங்கள் முறையைப் பரீட்சித்த இடம் எங்களுக்கு மிகவும் பொருத்தமானது. பெல்ஜியத்தில் 20 இலட்சத்துக்கும் அதிகமான கைப்பேசி வாடிக்கையாளர்களின் ஆறு மாத அழைப்புப் பதிவுகளை எடுத்தார்கள். பெல்ஜியம் பிரெஞ்சு மொழி பேசுவோருக்கும் டச்சு மொழி பேசுவோருக்கும் இடையில் நீண்டகாலப் பிளவு கொண்ட நாடு. லூவான் பல்கலைக்கழகமே 1968இல் மொழிப் பிரச்சினையால் இரண்டாக உடைந்து, பிரெஞ்சுப் பகுதி வேறிடத்தில் புதிய நகரம் கட்டிக் குடியேறியது.

கணினிக்கு யாருடைய மொழியும் சொல்லப்படவில்லை. அது யார் யாரோடு பேசினார்கள் என்பதை மட்டும் பார்த்துக் குழுக்களைப் பிரித்தது. பிறகு ஆய்வாளர்கள் மொழி விபரத்தோடு ஒப்பிட்டார்கள். 10,000 பேருக்கு மேற்பட்ட குழுக்கள் 36 இருந்தன. அவற்றில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் 85 வீதத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரே மொழி பேசுபவர்கள். அந்த ஒரு குழு மட்டும் இரு மொழிகளும் கலந்ததாக, இரண்டு பெரும் பகுதிகளுக்கும் நடுவில் இருந்தது.

ஒரு சொல்லையும் கேட்காமல் ஒரு நாட்டின் மொழிப் பிளவைக் கணினி வரைந்து காட்டிவிட்டது. இலங்கையில் இதேபோன்ற பதிவுகளிலிருந்து என்ன வெளிவரக்கூடும் என்று வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கொழும்பைத் தளமாகக் கொண்ட லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம், பெயரும் இலக்கமும் நீக்கப்பட்ட இலங்கைக் கைப்பேசிப் பதிவுகளை வைத்து மக்களின் நடமாட்டத்தையும் இயல்பான சமூகத் தொகுதிகளையும் ஆராய்ந்திருக்கிறது. நகரத் திட்டமிடல், போக்குவரத்து, நோய்ப் பரவல் போன்றவற்றுக்கு அத்தகைய ஆய்வு பயன்படும். கருவி ஒன்றுதான். அது யாருடைய கையில், எந்தக் கேள்வியோடு இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

பிரித்தானியாவில் 2010இல் வெளியான ஆய்வொன்றையும் இங்கு சேர்த்துப் பார்க்கவேண்டும். பல நூறு கோடித் தொலைபேசி அழைப்புகளை வைத்துப் பிரித்தானியாவின் வரைபடத்தை மீள வரைந்தார்கள். ஸ்கொட்லாந்து மிகத் தெளிவாகத் தனியாகப் பிரிந்து நின்றது. வேல்ஸோ அயலிலுள்ள இங்கிலாந்தின் மேற்குப் பகுதிகளோடு பெரிதும் பின்னிப்பிணைந்து காணப்பட்டது. இதனால் வேல்ஸ் மக்கள் தனி மக்களல்ல என்று யாரும் முடிவெடுக்கவில்லை. வேலைக்கும் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் எந்த நகரத்தோடு பேசவேண்டியிருக்கிறது என்பது வேறு, ஒரு மக்கள் தம்மை யாரென்று கருதுகிறார்கள் என்பது வேறு. வவுனியாவின் வியாபாரி ஒருவர் தம்புள்ளைச் சந்தையோடு நாளுக்குப் பத்துத் தடவை பேசக்கூடும். அதிலிருந்து அவரது அரசியலை யாரும் எடுக்க முடியாது.

கராத்தே வகுப்பில் தப்பிய ஒருவர்

இந்தத் துறையில் மாணவர்கள் எல்லோரும் முதலில் படிக்கும் உதாரணம் ஒரு கராத்தே கழகம். வெய்ன் சக்கரி என்ற மானிடவியலாளர் 1970 முதல் 1972 வரை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்த கராத்தே கழகத்தை அவதானித்து, 1977இல் எழுதினார். அவர் வரைந்த வலையமைப்பில் 34 பேர். கழகத்துக்கு வெளியிலும் ஒருவரோடொருவர் பழகியவர்களை இணைத்தபோது 78 கோடுகள். பயிற்சிக் கட்டணம் தொடர்பாகப் பயிற்றுநருக்கும் நிர்வாகிக்கும் பிணக்கு ஏற்பட்டு, கழகம் இரண்டாக உடைந்தது.

நட்புக் கோடுகளை மட்டும் வைத்து, யார் எந்தப் பக்கம் போவார்கள் என்று சக்கரி கணித்தார். 34 பேரில் 33 பேருக்கு அது சரியாக இருந்தது. இந்த வெற்றியைத்தான் பாடநூல்கள் பெரிதாகச் சொல்கின்றன.

வகுப்பில் நான் கூடுதல் நேரம் எடுப்பது தவறிய அந்த ஒருவருக்காக. அவரது நட்புகள் நிர்வாகியின் பக்கமே அதிகம் சாய்ந்திருந்தன. ஆனால் அவர் பயிற்றுநரின் புதிய கழகத்துக்குப் போனார். காரணம், அவரது கறுப்புப் பட்டிப் பரீட்சைக்கு மூன்று வாரங்களே இருந்தன. நிர்வாகியின் பக்கம் போனால் அங்கு வேறு பாணி, முதலிலிருந்து தொடங்கவேண்டும். இத்தனை வருட உழைப்பை இழக்க அவர் தயாராக இல்லை.

அந்தக் காரணம் எந்தக் கோட்டிலும் இல்லை. கேட்டால் மட்டுமே தெரியும். கராத்தே கழகத்தில் ஒருவரைத் தவறாக வகைப்படுத்தினால் யாருக்கும் நட்டமில்லை. விசாரணைக் கோவையில் அப்படியல்ல.

எப்போதும் விடை சொல்லும் இயந்திரம்

இந்த முறைகளின் குறைகளைக் கண்டுபிடித்தவர்களும் இதே துறையின் ஆய்வாளர்கள்தான். நான்கு விடயங்களை எங்கள் மக்கள் அறிந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, குழுவே இல்லாத இடத்திலும் இவை குழுவைக் காட்டும். முற்றிலும் எழுமாற்றாக உருவாக்கிய வலையமைப்புகளிலும் உயர்ந்த மொடியூலாரிட்டி மதிப்பெண் வரக்கூடும் என்று 2004இலேயே காட்டப்பட்டுவிட்டது. "இங்கு குழு எதுவும் இல்லை" என்று சொல்லும்படி இந்த முறைகள் வடிவமைக்கப்படவில்லை. பிரிக்கச் சொன்னால் பிரிக்கும்.

இரண்டாவது, சிறிய குழுக்கள் பெரிய குழுக்களுக்குள் விழுங்கப்பட்டுவிடும். வலையமைப்பு பெரிதாகப் பெரிதாக, ஓர் அளவுக்குக் கீழ்ப்பட்ட குழுக்களை மொடியூலாரிட்டியால் பிரித்துப் பார்க்க முடியாது என்பதை 2007இல் போர்ச்சுனாற்றோ, பார்த்தலெமி என்ற இருவர் நிறுவினார்கள். தையல் வகுப்பில் சேர்ந்த எட்டுப் பெண்கள் தமக்குள் மட்டும் பேசிக்கொண்டாலும், பெரிய படத்தில் அவர்கள் அயலிலுள்ள வேறொரு பெருங்கூட்டத்தின் உறுப்பினராகவே தெரியக்கூடும்.

மூன்றாவது, ஒரே தரவைத் திரும்ப ஓட்டினால் வேறு விடை வரலாம். லூவான் முறையில் எந்தப் புள்ளியை முதலில் எடுப்பது என்பது பெரும்பாலும் எழுமாற்றாகவே தீர்மானிக்கப்படுகிறது. வரிசை மாறினால் எல்லையில் நிற்பவர்கள் வேறு குழுவுக்குப் போய்விடலாம். 2019இல் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் கடுமையான குறையைக் காட்டினார்கள். அவர்களது பரிசோதனைகளில் லூவான் முறை தந்த குழுக்களில் 25 வீதம் வரை உள்ளே சரியான இணைப்பு இல்லாதவை. 16 வீதம் வரை உள்ளே முற்றாகத் துண்டிக்கப்பட்டவை. அதாவது ஒரே குழு என்று காட்டப்பட்டவர்களுக்கு இடையே அந்தக் குழுவுக்குள் தொடர்பு வழியே இல்லை. நடுவில் பாலமாக நின்ற ஒருவரைக் கணினி வேறு குழுவுக்கு மாற்றியிருக்கும். அவரால் இணைந்திருந்த இரு பக்கத்தாரும் பழைய பெயரிலேயே ஒன்றாக விடப்பட்டிருப்பார்கள். அந்தக் குறையை நீக்கிய லெய்டன் முறை இன்று உண்டு. ஆனால் பழைய முறையும் பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது.

நான்காவது, இவற்றில் பல, ஒருவருக்கு ஒரே குழுதான் என்று எடுத்துக்கொள்கின்றன. கோயில் பரிபாலன சபையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் பழைய மாணவர் சங்கத்திலும் இருப்பவரை இயந்திரம் ஏதோ ஒன்றில்தான் போடும். ஒருவர் பல குழுக்களில் இருக்கலாம் என்று ஏற்கும் முறைகள் 2005 முதலே உள்ளன. எந்த முறையைப் பயன்படுத்துவது என்பதைத் தெரிவுசெய்பவர் மனிதர்.

மூன்று எட்டு

குழு பிரிப்பதற்கு முன்னர், எந்தப் புள்ளிகளைப் படத்தில் சேர்ப்பது என்ற கேள்வி வருகிறது. எட்வேர்ட் ஸ்நோடன் 2013இல் வெளிப்படுத்திய அமெரிக்கத் தொலைபேசிப் பதிவுத் திட்டத்தில், சந்தேகத்துக்குரிய ஓர் இலக்கத்திலிருந்து மூன்று எட்டுத் தூரம் வரை ஆராய அனுமதி இருந்தது. அவர் பேசியவர்கள், அவர்கள் பேசியவர்கள், அந்த அவர்கள் பேசியவர்கள். 2014 ஜனவரியில் ஜனாதிபதி ஒபாமா இதை இரண்டு எட்டாகக் குறைத்தார். 2015இல் புதிய சட்டத்தின் மூலம் அந்த மொத்தச் சேகரிப்பே நிறுத்தப்பட்டது.

ஒரு எட்டுக் குறைவதால் என்ன மாற்றம் என்று கணக்குப் பார்ப்போம். ஒருவர் 40 பேரோடு பேசுகிறார் என்று வையுங்கள். முதல் எட்டில் 40 பேர். இரண்டாவதில் 1,600. மூன்றாவதில் 64,000. 2012 குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகையே சுமார் 92,000தான். பொதுவான உறவுகள் பல இருப்பதால் உண்மையான எண்ணிக்கை குறையும் என்பது சரி. ஆனால் இடையில் ஒரு கிராம அலுவலரோ, எரிவாயு விநியோகிப்பவரோ, ஓட்டோ சாரதியோ வந்துவிட்டால் மீண்டும் பெருகிவிடும். எங்கள் ஊர்களில் ஒருவரிடமிருந்து மூன்று எட்டு வைத்தால் யார்தான் மிஞ்சுவார்கள்?

பாலமாக நிற்பவர்கள்

பதிவுகளை வைத்து மனிதரை வகைப்படுத்துவதில் ஏற்பட்ட ஆபத்துக்கு நன்கறியப்பட்ட உதாரணம் அஹமட் சைதான். அவர் அல்ஜசீரா தொலைக்காட்சியின் இஸ்லாமாபாத் பணியகத் தலைவராக இருந்தவர். ஸ்நோடன் ஆவணங்களை ஆதாரமாகக் கொண்டு 2015 மே மாதம் வெளியான செய்தியில், ஸ்கைநெற் என்ற அமெரிக்கத் திட்டம் அவரை ஆயுத இயக்கமொன்றின் உறுப்பினராகக் குறித்திருந்தது தெரியவந்தது. பாக்கிஸ்தானின் கோடிக்கணக்கான கைப்பேசிகளின் அழைப்பு முறைகளையும் பயண முறைகளையும் ஆராய்ந்து, தூதுவர்களாகச் செயற்படக்கூடியவர்களைத் தேடியது அந்தத் திட்டம். சைதான் குற்றச்சாட்டை முற்றாக மறுத்தார்.

அவர் செய்தியாளர். இயக்கத் தலைவர்களைத் தேடிச்சென்று பேட்டி காண்பது அவரது தொழில். அந்தத் தொழிலைச் செய்பவரின் தொலைபேசிப் பதிவும், தூதுவராகச் செயற்படுபவரின் தொலைபேசிப் பதிவும் கோடுகளாக வரைந்தால் ஒரே மாதிரித்தான் இருக்கும். எந்தக் குழுவிலும் முழுதாக இல்லாமல், பல குழுக்களைத் தொடுபவர்களே இப்படிக் கண்ணில் படுகிறார்கள். செய்தியாளர், மதகுரு, சட்டத்தரணி, மனித உரிமைப் பணியாளர், கிராமத்துக்குக் கிராமம் போகும் குடும்பநல உத்தியோகத்தர் எல்லோரும் அப்படிப்பட்டவர்கள்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களும் அப்படித்தான். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய அவர்களது தொடர் போராட்டத்தை நினைத்துப் பாருங்கள். வெவ்வேறு மாவட்டத்துத் தாய்மார்கள், முன்பின் அறியாதவர்கள், ஒருவரையொருவர் அடிக்கடி அழைக்கத் தொடங்கினார்கள். வழக்குத் திகதி, பேருந்து, போராட்ட நாள், யாருக்கோ சுகமில்லை என்ற செய்தி. அவற்றோடு சட்டத்தரணிகளுக்கும் செய்தியாளர்களுக்கும் புலம்பெயர் உறவுகளுக்கும் அழைப்புகள். கணினியில் போட்டால் அது மிக அடர்த்தியான, மிகத் தெளிவான ஒரு குழுவாக வரும். அந்த வட்டத்தைக் கணிதம் சரியாகவே வரையும். அவர்களை இணைத்திருப்பது பறிகொடுத்த பிள்ளை என்பதை வட்டம் சொல்லாது. அதற்குப் "பிள்ளையைத் தேடும் தாய்மார்" என்று பெயரிடுவதா, வேறொரு பெயரிடுவதா என்பதைத் திரைக்கு முன்னால் இருக்கும் மனிதர் தீர்மானிக்கிறார்.

அந்தத் தாய்மார்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, நான் ஒரு பிழையும் கதைக்கேல்லை. பிறகேன் பயப்பிடவேணும்?" அவரது கேள்வி நியாயமானது. பேசியது கேட்கப்பட்டிருந்தால் அவர் பிழையற்றவர் என்பதற்கு அதுவே சாட்சியாக இருந்திருக்கும். கோடுகள் மட்டும் எஞ்சும்போது அந்தச் சாட்சி காணாமல்போகிறது.

ஒரு சிம், மூன்று பேர்

எங்கள் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு புள்ளி ஒரு மனிதர் என்றுதான் இந்த முறைகள் எல்லாம் நம்புகின்றன. மீள்குடியேறிய குடும்பங்களில் அது பல இடங்களில் பொய். அடையாள அட்டை தொலைந்த காலத்தில் அயலவரின் பெயரில் வாங்கிய சிம் அட்டை இன்னும் பாவனையில் இருக்கிறது. இறந்த கணவரின் பெயரிலிருக்கும் இலக்கத்தை மனைவி வைத்திருக்கிறார், அந்த இலக்கம்தான் எல்லோரிடமும் இருக்கிறது என்பதற்காக. ஒரே கைப்பேசியை மாமியும் மருமகளும் உயர்தரம் படிக்கும் மகனும் பாவிக்கிறார்கள். நிறுவனங்கள் நீண்டகாலம் பாவிக்காத இலக்கத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுகின்றன. இவை எல்லாம் படத்தில் வெறும் புள்ளிகளாகவே விழும். பிழையான புள்ளியிலிருந்து எவ்வளவு சரியான கணிதத்தைச் செய்தாலும் பிழையான மனிதரிடம்தான் போய்ச் சேரும்.

நாம் செய்யக்கூடியவை

இதைப் படித்துவிட்டுத் தொலைபேசியைத் தூக்கி எறியவேண்டியதில்லை. உறவுகளோடு பேசுவது எங்கள் உரிமை. கடல் கடந்து சிதறிய குடும்பங்களுக்கு அது உயிர்மூச்சும்கூட. ஆனால் சில விடயங்களைத் தெளிவாக வைத்திருக்கலாம்.

உங்கள் பெயரில் உள்ள சிம் அட்டைகள் எவை, உங்கள் கையில் உள்ள சிம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதைச் சேவை நிறுவனத்தின் கிளையில் அடையாள அட்டையோடு சென்று கேளுங்கள். பாவிக்காதவற்றை நிறுத்துங்கள். மற்றவர் பாவிப்பதை அவர் பெயருக்கு மாற்றுங்கள்.

வட்ஸ்அப் போன்ற செயலிகளில் செய்தியின் உள்ளடக்கம் மறையாக்கப்படுகிறது. 2016 முதல் அது எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் யார் யாரோடு தொடர்பு என்பது நிறுவனத்துக்குத் தெரியாது என்று அதற்கு அர்த்தமில்லை. உங்கள் கைப்பேசி இன்னொருவர் கையில் இருந்தால் குழுக்களின் உறுப்பினர் பட்டியல் முழுதாகவே திறந்திருக்கும். யாரென்று தெரியாத குழுக்களில் யாரோ சேர்த்துவிட்டார்கள் என்பதற்காக இருந்துகொண்டிருக்க வேண்டாம்.

எப்போதாவது உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ எதிராகத் தொடர்பு வரைபடம் ஒன்று ஆதாரமாக முன்வைக்கப்பட்டால், உங்கள் சட்டத்தரணி கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. எந்தக் காலப்பகுதியின் பதிவுகள்? எங்கிருந்து தொடங்கி எத்தனை எட்டு எடுக்கப்பட்டது? எந்த முறை? எத்தனை தடவை ஓட்டப்பட்டது, ஒவ்வொரு தடவையும் இதே குழு வந்ததா? இந்த இலக்கத்தை உண்மையில் பாவித்தவர் யார் என்று எப்படி உறுதிசெய்யப்பட்டது? கடைசியாக, இந்தக் குழுவுக்கு இந்தப் பெயரை வைத்தவர் யார், எந்த ஆதாரத்தில்?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தானியங்கி முறையில் மட்டும் எடுக்கப்படும் தீர்மானங்களை மீளாய்வு செய்யுமாறு கேட்கும் உரிமையைப் பேசுகிறது. அதே சட்டம் தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்கு விதிவிலக்குகளையும் வைத்திருக்கிறது. அதை நடைமுறைப்படுத்துவதிலும் தாமதங்கள் ஏற்பட்டுள்ளன. எங்களுக்கு எந்த இடத்தில் பாதுகாப்பு அதிகம் தேவையோ, அந்த இடத்தில்தான் சட்டத்தின் கதவு திறந்து கிடக்கிறது. எங்கள் மக்கள் பிரதிநிதிகளும் சிவில் அமைப்புகளும் கவனம் செலுத்தவேண்டிய இடம் அது.

குழு பிரிக்கும் கணிதத்தை நான் மாணவர்களுக்குத் தொடர்ந்து கற்பிக்கிறேன். அது அழகான கணிதம். டெங்கு எங்கிருந்து எங்கே பரவக்கூடும் என்று ஊகிக்கவும், எந்தக் கிராமங்களை ஒரே பேருந்துப் பாதையில் சேர்க்கலாம் என்று பார்க்கவும் அது உதவும். அடுத்த தலைமுறையில் இந்தக் கருவிகளை இயக்கும் கைகளில் எங்கள் பிள்ளைகளின் கைகளும் இருக்கவேண்டும். யாருடைய பதிவுகளும் தங்கள் திரையில் வரும்போது, அந்தப் புள்ளிகளில் ஒன்று தன் அம்மாவின் இலக்கமாக இருந்தால் என்ன கேள்வி கேட்பார்களோ, அதே கேள்விகளை எல்லாப் புள்ளிகளுக்காகவும் அவர்கள் கேட்கவேண்டும்.